பல்லுயிர்த் தீவில் ஒரு பல்செட்டு

அந்தத் தீவு மிகச் சிறியது. இந்த ஓரத்தில் ஒருவர் தும்மினால் அந்த ஓரத்தில் நிற்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதைக் காப்பாற்றுவதற்காகக் கரையில் கட்டியிருந்த பல்லுயிர்ப் பாதுகாப்புத் துறையின் அலுவலகம் அப்படிச் சிறியதல்ல. அதைத் தூக்கித் தீவின்மேல் வைத்தால் தீவு வெளியே தெரியாது.

உலகத்தில் வேறெங்கும் இல்லாத நாணக்குருவி என்ற பறவை அங்கே இருப்பதாகத் துறை சொன்னது. அதை யாரும் பார்த்ததில்லை. பார்க்கிற மாதிரி இருந்தால் அது எப்படிப் பாதுகாப்பாக இருக்கும் என்று துறை திருப்பிக் கேட்டது. கேள்வி நியாயமாகத்தான் பட்டது, எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நம் கதைக்கு உரியவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்பப்போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிற மனிதர். வாய்தான் அவருக்குச் சோறு போட்டது. அந்த வாயின் மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டு போனபின், அண்மையில்தான் ஒரு பல்செட்டு மாட்டியிருந்தார். அது இல்லாவிட்டால் அவர் வாயில் லகரமும் ளகரமும் வகரமாகிவிடும். "வெள்ளை வண்டி" என்பார், "வெவ்வை வண்டி" என்று கேட்கும். ஒருநாள் பல்செட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்து அறிவித்ததில், மாமியார் வீட்டுக்குப் போக வேண்டிய ஒரு மாப்பிள்ளை வேறு ஊருக்குப் போய் இறங்கிவிட்டான். அவன் அதைப் பற்றிப் புகார் எதுவும் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். ஊராருக்கெல்லாம் வண்டி கிளம்புவதைச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர், தன் மகள் கிளம்புவதைத் தன் வாயால் நன்றாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார். குளிக்கும்போதுகூட ஒத்திகை நடந்தது. அதற்குள் வெள்ளிக்கிழமை தீவுக்கு வரலாம் என்று துறையிலிருந்து அனுமதி வந்து குதித்தது. அவர் மனைவி அதற்கு விண்ணப்பித்தபோது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்தை வெச்சுக்கிட்டு இப்ப போகணுமாம்மா?" என்று அவர் கேட்டார்.

"இத விட்டா அடுத்த அனுமதி நம்ம பேரன் ரிட்டயர் ஆகும்போதுதான் வரும். காலைல போயிட்டு மதியம் வந்துடலாம். அந்தக் குருவிய ஒரு தடவ பாத்துட்டேன்னா போதுங்க, எனக்கு வேற ஆசையே கிடையாது" என்றார் மனைவி.

வேறு ஆசையே கிடையாது என்று அவர் சொல்வது முதல் தடவையல்ல. இருந்தாலும் இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

படகில் ஏறுவதற்கு முன் ஒரு அறையில் அவர்களைத் தூய்மைப்படுத்தினார்கள். சட்டைப் பையை வெளியே இழுத்துத் தூசி உறிஞ்சும் கருவியை வைத்தார்கள். செருப்பைத் தேய்த்தார்கள். அந்நிய விதை ஏதும் வரக் கூடாது என்று அறிவிப்பாளரின் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்கள். கடைசியாக இருவர் தலையிலும் ஒரு பொடியைத் தூவி, அதன்மேல் ஒரு வெள்ளைப் பொடியையும் தூவினார்கள். அது மூக்குக்குள் போய் நமநம என்றது.

"இது எதுக்குங்க?"

"இது முன்னாடி தூவுன பொடியைச் சுத்தம் பண்ற பொடி" என்றார் வழிகாட்டி. அவர் கையில் குரலைப் பெரிதாக்கும் குழாய் ஒன்றை வைத்திருந்த பெண் அதிகாரி. ஒரு முழத் தூரத்தில் நிற்கிறவர்களிடமும் குழாய் வழியாகவே பேசினார்.

அவருக்குப் பின்னால் இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். ஒருவர் விட்டுச் செல்லல் தடுப்புப் பிரிவு. தீவில் யாரும் எதையும் விட்டுச் செல்லாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இன்னொருவர் எடுத்துச் செல்லல் தடுப்புப் பிரிவு. தீவிலிருந்து யாரும் எதையும் எடுத்துச் செல்லாமல் பார்த்துக்கொள்பவர். படகோட்டிகள் அவர்களுக்கு விட்டார், எடுத்தார் என்று பெயர் வைத்திருந்தார்கள். விட்டாரும் எடுத்தாரும் பல வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை. அலுவலகத்தில் இருவருக்கும் ஒரே மேசை.

தீவில் இறங்கியதும் மனைவி ஆவலோடு மரங்களைத் தேடினார். முன்பு மரங்கள் இருந்த இடத்தில் இப்போது மரங்களைப் பற்றிய பலகைகள் இருந்தன. நடுவே ஒரு மணல் பாதை, இருபுறமும் கயிறு. முதல் பலகையில் "அமைதி காக்கவும்" என்று எழுதியிருந்தது.

"இங்க யாரும் சத்தம் போடக் கூடாது! குருவி பயந்துக்கும்!" என்று வழிகாட்டி குழாய் வழியாகக் கத்தினார். கடலில் தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு மீன்பிடிப் படகு நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

"குருவி எங்கம்மா இருக்கும்?" என்று மனைவி கேட்டார்.

"அடுத்த பலகைல படம் இருக்கு, வாங்க."

அடுத்த பலகைக்குப் போவதற்குள் அந்தப் பொடி தன் வேலையைக் காட்டியது. அறிவிப்பாளரின் மூக்கு விடைத்தது, கண் சொருகியது. ஒரு தும்மல் புறப்பட்டது. சாதாரணத் தும்மலா அது? ஒலிபெருக்கியில்லாமலே நிலையம் முழுதும் கேட்க வைத்த நெஞ்சிலிருந்து வந்த தும்மல். பல்செட்டு வாயைவிட்டுப் பறந்து கயிற்றைத் தாண்டி, தடை செய்யப்பட்ட மணலில் போய் உட்கார்ந்துகொண்டு, அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

"எம் பவ்வு!" என்று அலறிக்கொண்டு அறிவிப்பாளர் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்றார் எடுத்தார். "கீழ விழுந்த நிமிஷத்துலேருந்து அது தீவோட பொருள். தீவுலேருந்து ஒரு கிளிஞ்சலக்கூட எடுக்க முடியாது. பல்லு எம்மாத்திரம்?"

"சரி, போனா போகட்டும். வாங்கம்மா, படகுக்குப் போகலாம்" என்று அறிவிப்பாளரின் மனைவியைப் பார்த்து வழிகாட்டி சொன்னார்.

"எப்படிப் போவாங்க?" என்று விட்டார் குறுக்கே வந்து நின்றார். "பல்லை இங்க விட்டுட்டுப் போறதா? தீவுல ஒரு முடியக்கூட யாரும் விட்டுட்டுப் போனதில்ல. அந்தப் பல்லு இங்க கிடக்கிற வரைக்கும் இவர் இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது."

"அப்ப எடுத்துக்கவா?"

"கூடாது" என்றார் எடுத்தார்.

"அப்ப விட்டுட்டுப் போகவா?"

"கூடாது" என்றார் விட்டார்.

"அப்ப நான் என்னதாங்க பண்றது?" என்று கேட்டார் அறிவிப்பாளர். அவசரத்தில் அந்தக் கேள்வியில் லகரம் ளகரம் ஒன்றும் வராமல் பார்த்துக்கொண்டார், பாவம்.

அதற்கு விதியில் ஒன்றும் சொல்லவில்லை என்று இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்று மனைவி சொன்னார். மணமகனின் பெற்றோருக்குத் தகவல் அனுப்பி, தேதியை மாற்றிக்கொள்ள முடியுமா பாருங்கள் என்று விட்டார் யோசனை சொன்னார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

வழிகாட்டி கரையில் இருக்கும் இயக்குநரைக் கம்பியில்லாக் கருவியில் கூப்பிட்டார். காற்று பலமாக அடித்தது. கருவி கரகரத்தது.

"சார், தீவுல பல்லு கிடக்கு சார்!"

"என்னது? பல்லுயிரா?"

"பல்லு சார்! உயிர் இல்ல!"

"பல்லுயிர்ல... உயிர் இல்லையா?"

"ஆமா சார். கீழ விழுந்து கிடக்கு. மேல்வரிசை முழுசும்!"

"கடவுளே! மேல்வரிசை முழுசுமா?" என்ற குரலோடு கருவி செத்தது.

சற்று நேரத்தில் இயக்குநர் ஒரு வெள்ளைப் படகில் வந்து இறங்கினார். கையில் பெரிய மலர்வளையம். கூடவே ஒரு புகைப்படக்காரர். இயக்குநர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, யாரையும் பேசவிடாமல், கயிற்றோரம் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"நம் தீவில் பல உயிர்கள் மடிந்துவிட்ட செய்தி கேட்டு என் இதயம் வெடித்துவிட்டது. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். இதற்குத் துறை பொறுப்பல்ல. உயிர்கள் சாவது இயற்கை. இயற்கையில் தலையிடாமல் இருப்பதே எங்கள் கொள்கை. இந்தத் தீவில் பறவைகள் மிகுந்திருந்த காலத்தில் துறைக்கு ஒரு சிறிய கொட்டகைதான் இருந்தது. பறவைகள் குறையக் குறையத்தான் நாங்கள் மாடிமேல் மாடி கட்டினோம். இன்று ஒன்றுகூட இல்லை என்றால் துறை எவ்வளவு உயரத்துக்குப் போகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்..."

"சார்" என்று வழிகாட்டி அவர் காதில் குழாய் வழியாகவே கிசுகிசுத்தார். "செத்தது ஒன்னுமில்ல சார். இது பல்செட்டு."

இயக்குநர் காதைத் தேய்த்துக்கொண்டே குனிந்து பார்த்தார். பல்செட்டு அவரையும் பார்த்துச் சிரித்தது. புகைப்படக்காரர் ஏற்கனவே நாலைந்து படம் எடுத்துவிட்டிருந்தார். வந்தது வீண் என்று திரும்பிப் போக இயக்குநர் பதவியில் இருப்பவரால் முடியுமா?

"சரியாத்தான் வந்திருக்கோம்" என்றார் அவர் நிமிர்ந்து. "நம்ம துறைக்குப் பேர் என்ன? பல்லுயிர். அதுல எது முதல்ல வருது?"

"பல்லு சார்" என்றார் விட்டார்.

"உயிர் அப்புறந்தான் சார்" என்றார் எடுத்தார்.

"இத்தன வருஷமா நம்ம உயிரப் பத்தியே யோசிச்சு முன்னாடி இருக்கிற பல்லக் கோட்ட விட்டுட்டோம். இன்னைக்குத்தான் துறைக்கு அதோட முழு அர்த்தம் கிடைச்சிருக்கு. இந்தப் பல்லைப் பாதுகாக்கப்பட்டதா அறிவிக்கிறேன். சுத்தி வேலி போடுங்க."

உடனே வேலி போட்டார்கள். பக்கத்தில் ஒரு பலகையும் நடப் பார்த்தார்கள். அதற்கு இடம் போதாமல், குருவிப் படம் இருந்த பலகையைப் பிடுங்கித் திருப்பி அதன் முதுகிலேயே எழுதினார்கள். அறிவிப்பாளர் ஒரு ஓரமாகக் கொதிக்கிற மணலில் குந்திக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது. மகளின் கல்யாணத்தில் நிற்க முடியாமல், தன் பல்லுக்குத் தானே காவல் இருக்க வேண்டிய நிலை தன் எதிரிக்கும் வரக் கூடாது என்று நினைத்துக்கொண்டார். எதிரி என்று யாரும் நினைவுக்கு வராததால் விட்டாரையும் எடுத்தாரையும் வைத்துக்கொண்டார்.

அப்போது ஒரு சின்னப் பறவை பறந்து வந்து வேலிமேல் உட்கார்ந்தது. சாம்பல் உடம்பு, வெட்கப்பட்டது போலச் சிவந்த கழுத்து. எல்லா அதிகாரிகளும் குனிந்து பல்லை அளந்துகொண்டிருந்ததால், அறிவிப்பாளரின் மனைவி மட்டும்தான் பார்த்தார்.

"இதோ... இதோ... அந்தக் குருவி!" என்றார்.

"அம்மா, கொஞ்சம் தொந்தரவு பண்ணாம இருங்க. நாங்க பாதுகாப்பு வேலைல இருக்கோம்" என்றார் இயக்குநர் நிமிராமலே.

குருவி அவர் தொப்பியின்மேல் மாறி உட்கார்ந்து, அங்கே ஒரு வெள்ளைப் பொட்டை விட்டுச் சென்றது. விட்டுச் செல்லல் தடுப்புப் பிரிவு அதைக் கவனிக்கவில்லை.

மனைவிக்கு ஆசை தீர்ந்துவிட்டது. ஆசை தீர்ந்த பெண்மணிக்குக் கோபத்துக்கு நிறைய இடம் கிடைக்கிறது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இயக்குநர் முன்னால் போய் நின்றார்.

"ஏங்க, ஒரு உயிரோ பல்லோ, வழி தவறி வேற இடத்துக்கு வந்துட்டா உங்க துறை என்ன பண்ணும்?"

"பத்திரமாப் பிடிச்சு அதோட இயற்கையான இடத்துல கொண்டுபோய் விடுவோம். அதுக்கு மீள்குடியேற்றம்னு பேரு."

"இந்தப் பல்லோட இயற்கையான இடம் எது?"

இயக்குநர் யோசித்தார். அதிகாரிகள் மூவரும் யோசித்தார்கள். எல்லோருடைய கண்களும் மெதுவாக அறிவிப்பாளரின் பொக்கை வாயில் போய் நின்றன.

"விடறது என் பிரிவு" என்று விட்டார் தயங்கினார். "ஆனா தீவுல விடல, வாயிலதான் விடறோம்..."

"எடுக்கிறதும் இல்ல, குடியேத்தறோம்" என்றார் எடுத்தார்.

அப்புறம் நடந்ததை அறிவிப்பாளர் சாகும்வரை மறக்க மாட்டார். இரண்டு காதுகளுக்கும் இடையே, மூக்குக்குக் கீழே நாடா கட்டினார்கள். இயக்குநர் அதைக் கத்தரிக்கோலால் வெட்டினார். மீசையில் கொஞ்சம் அதோடு போனது. கையுறை அணிந்து பல்செட்டை எடுத்து, "இந்தப் பல் தன் சொந்த மண்ணில் சுதந்திரமாக வாழட்டும்" என்று சொல்லி வாய்க்குள் விட்டார்கள். பல் தானாகப் போகிறதா என்று சிறிது நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, போகாததால் கட்டைவிரலால் அழுத்தினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கொண்டுவந்த மலர்வளையத்தை வீணாக்காமல் அறிவிப்பாளரின் கழுத்திலேயே போட்டுவிட்டார்கள்.

படகு ஏறப் போகும்போது இயக்குநர் அறிவிப்பாளரின் தோளில் தட்டிச் சொன்னார்: "ஒரு சின்ன விஷயம். உங்க வாய் இப்ப நம்ம சரணாலயம். நம்ம விதியெல்லாம் அதுக்கும் பொருந்தும். உள்ள எதையும் கொண்டு போகக் கூடாது, வெளிய எதையும் எடுக்கக் கூடாது. சத்தம் கூடவே கூடாது. கண்காணிப்புக்கு நம்ம ஆளுங்க கூடவே வருவாங்க."

இது ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் வீடு வந்து சேர்ந்தார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை. வீட்டு வாசலில் விட்டாரும் எடுத்தாரும் பெட்டியோடு நின்றார்கள். அறிவிப்பாளர் ஒரு கவளம் சோற்றை எடுத்தால், "அந்நியப் பொருள்!" என்று ஒருவர் கையைப் பிடித்தார். பல் துலக்கப் போனால் இன்னொருவர் தூரிகையைப் பிடுங்கினார். மனைவி அவர்கள் பார்க்காத நேரம் பார்த்துக் கஞ்சியைக் கொடுத்துக் கொடுத்து அவரை ஞாயிற்றுக்கிழமை வரை இழுத்துக்கொண்டு வந்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. மகள் மாப்பிள்ளையோடு மேடையில் நின்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். யாரோ ஒலிவாங்கியை அறிவிப்பாளர் கையில் கொடுத்தார்கள். கையில் எடுத்ததுதான் தாமதம், இரண்டு அதிகாரிகளும் மேடையேறிவிட்டார்கள்.

"சரணாலயத்துல ஒலிபெருக்கி கூடாது" என்றார் எடுத்தார்.

"அதுவுமில்லாம இது இனப்பெருக்கக் காலம். வாயை மூடி வெக்கணும்" என்றார் விட்டார்.

"யாருங்க இவங்க?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

அறிவிப்பாளர் மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு மெல்ல வாடிக்கொண்டிருந்தது. மணமகன் வீட்டார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தான் பல்செட்டுக்காரர் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று இரண்டு மாதமாகக் கவலைப்பட்டவர் அவர். இப்போது அந்தக் கவலையெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவர் வாய்க்குள் கையை விட்டார். பல்செட்டைக் கழற்றினார். விட்டாரும் எடுத்தாரும் பதறிப்போய் ஒரே நேரத்தில் கைகளை நீட்டினார்கள். இரண்டு உள்ளங்கைகளும் சேர்ந்த இடத்தில் அதை வைத்தார்.

"இந்தாங்க உங்க சரணாவயம்" என்றார். "வாய் என்னுது."

பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பயணிகவின் கனிவான கவனத்துக்கு" என்று அவர் தொடங்கியதும் மண்டபம் சிரித்தது. அவர் விடவில்லை. "இத்தன வருஷமா எங்க வீட்டு நிவையத்துவ நின்ன வண்டி இன்னைக்குக் கிவம்புது. வண்டி ரொம்ப நவ்வ வண்டி. வழியனுப்ப வந்தவங்க இறங்கிக்கணும்னு நான் எவ்வாருக்கும் சொவ்வியிருக்கேன். இன்னைக்கு நான்தான் இறங்கணும். இறங்க மனசு வரவே இவ்வ."

சிரிப்பு நின்றுவிட்டது. மகளுக்கு ஒரு எழுத்துக்கூட மாறிக் கேட்கவில்லை. அவள் மேடையென்றும் பார்க்காமல் ஓடிவந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே அழுதாள். அவரும் பொக்கை வாய் தெரிய அழுதார். மாப்பிள்ளையின் அப்பா மெல்ல முகத்தைத் திருப்பித் தன் மேல்வரிசையைக் கழற்றிக் கைக்குட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டதை அறிவிப்பாளரின் மனைவி மட்டும் பார்த்தார். அவருக்கு யாரும் பார்க்காததைப் பார்க்கிற கண்.

விருந்து முடிந்தது. வண்டி கிளம்பியது. வழியனுப்பிவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். மண்டபத்தைப் பெருக்குகிறவர் துடைப்பத்தோடு மேடைக்கு வந்தபோது, இரண்டு பேர் கையோடு கை சேர்த்து, நடுவில் ஒரு பல்செட்டை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றார்கள். ஒருவரால் அதை விட்டுச் செல்ல முடியாது. மற்றவரால் அதை எடுத்துச் செல்ல முடியாது.

"ஐயா, பெருக்கணும். கொஞ்சம் நகருறீங்களா?"

"கூடாது" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். துறையில் சேர்ந்த நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.